விழுந்த புல்லட்டைத் தூக்க: முதலில் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள்

என் எடை 58 கிலோ. என் வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, அதன் எடை 195 கிலோ. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் தூக்குவதெல்லாம் நடக்காத காரியம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஏற்காடு மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி படுத்துக்கொண்ட அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆனாலும் மூன்று தடவை தூக்கிப் பார்த்தேன், மூன்றாவது தடவை இடுப்புக்கு மேலே ஏதோ ஒன்று சுருக்கென்று பிடித்துக்கொண்டது. வண்டிக்குப் போனது ஒரு கிளட்ச் லிவரும் ஒரு கண்ணாடியும்தான். முதுகு சரியாக மூன்று வாரம் ஆனது.

ஏன் அப்படி அடித்துப் பிடித்துத் தூக்கினேன் என்று யோசித்தால் பதில் வெட்கம்தான். எதிரே இறங்கி வந்த பஸ் நின்றுவிட்டது, ஜன்னல் ஜன்னலாகத் தலை எட்டிப் பார்க்கிறது, பின்னால் ஒரு கார் ஹாரன் அடிக்கிறது. அந்த நேரத்தில் மனுசனுக்கு ஒரே எண்ணம்தான் இருக்கும்: யாரும் பார்ப்பதற்குள் வண்டியை நிமிர்த்தி ஏறிப் போய்விட வேண்டும். பார்த்தாகிவிட்டது என்பது மூளைக்கு எட்டாது. மெதுவாகப் போகும்போதோ நிற்கும்போதோ வண்டி சாய்ந்தால் ஆளுக்குப் பெரும்பாலும் பெரிய அடி இருக்காது, தூக்குகிற அவசரத்தில்தான் முதுகையும் தோள்பட்டையையும் கெடுத்துக்கொள்கிறோம்.

வளைவுக்கு மேலே ஒரு லாரி நின்றிருந்தது, மூட்டை ஏற்றுகிற ஆட்கள் மூன்று பேர் இறங்கி வந்தார்கள். அதில் பெரியவர், அறுபது வயது இருக்கும், என்னைவிடவும் ஒல்லி. வண்டியைத் தொடவே இல்லை, என்னைப் பார்த்துத்தான் முதலில் பேசினார். "ஏந் தம்பி, எதுக்கு இந்த அவசரம்? விழுந்த வண்டி எங்கயும் ஓடிடாது. முதல்ல கை காலை ஆட்டிப் பாரு." அப்புறம் அவர் காட்டியதைத்தான் நான் இன்றுவரை செய்கிறேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சரி, முதலில் விழுவதிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் விழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கனமான வண்டி ஓரளவு சாயும்வரை உங்கள் கால் தாங்கும், அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் யாராலும் நிறுத்த முடியாது, நீங்கள் பயில்வானாக இருந்தாலும் அவ்வளவுதான். அந்த எல்லையை உடம்பு உணர்ந்துவிடும், தொடையில் டேங்க் வந்து அழுத்தி முழங்கால் மடங்கத் தொடங்கும். அதற்குமேல் போராடக் கூடாது. ஹேண்டிலை விட்டுவிட்டு, கால்களை அகட்டி எடுத்து, வண்டியிலிருந்து விலகி ஓர் எட்டு வைத்துவிடுங்கள். விட மனசு வராது, தெரியும், இரண்டு லட்ச ரூபாய் கண்ணெதிரே சாய்கிறது. ஆனால் கணுக்கால் அடியில் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தால் கை தானாக விட்டுவிடும். லெக் கார்டு என்று ஒரு கம்பியைப் போட்டு வைத்திருப்பதே இந்த நேரத்துக்குத்தான், அது தேயட்டும்.

கால் அடியில் மாட்டிவிட்டதென்றால் இழுக்காதீர்கள். இழுத்தால் ஷூ மட்டும்தான் வரும், சில நேரம் தோலும் வரும். இன்ஜினை நிறுத்திவிட்டு, மற்ற காலால் சீட்டின் ஓரத்தை உதைத்துத் தள்ளினால் லெக் கார்டு கொடுக்கிற இடைவெளியில் கொஞ்சம் இடம் கிடைக்கும், அதில் உருவிக்கொள்ளலாம். கிடைக்கவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள், சத்தமாகவே கூப்பிடுங்கள்.

எழுந்ததும் செய்ய வேண்டியது இரண்டு. ஹேண்டிலில் இருக்கிற கில் சுவிட்சைத் தட்டி, சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்துங்கள். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பையும் மூடிவிடுங்கள். அடுத்து சாலையைப் பாருங்கள். வளைவு என்றால் உதவிக்கு வந்தவரில் ஒருவரை மேலேயோ கீழேயோ இருபது முப்பது அடி தள்ளி நிற்க வைத்து வண்டிகளுக்குக் கை காட்டச் சொல்லுங்கள். உதவிக்கு வருகிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அதில் ஒருவர் வாயில் பீடி இருக்கும், இது நான் கண்ட உண்மை. படுத்த வண்டியின் டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்கும்போது அவர் குனிந்து, "என்ன தம்பி, பெட்ரோல் ஒழுகுதா?" என்று கேட்பார். "அண்ணே, பீடியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டு வாங்க" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். விரல்களை மடக்கி நீட்டுங்கள், தோளைச் சுழற்றுங்கள், கழுத்தெலும்பைத் தொட்டுப் பாருங்கள். விழுந்த வேகத்தில் உடம்பில் ஒரு படபடப்பு ஏறியிருக்கும், அது இருக்கும்வரை வலியே தெரியாது, உடைந்த விரலோடு வண்டியைத் தூக்கியவர்கள் உண்டு. கையில் நடுக்கம் அடங்கட்டும். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து, எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, தரை எந்தப் பக்கம் சரிகிறது, காலடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஜல்லியாக இருந்தால் ஷூவால் ஒதுக்கிவிடுங்கள்.

கணக்கு இப்படி இருக்கிறது

195 கிலோ என்றால் 195 கிலோவையும் நீங்கள் தூக்கப்போவதில்லை. இரண்டு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிற கோடுதான் கதவுக்குக் கீல் மாதிரி, வண்டி அதைச் சுற்றித் திரும்புகிறது, அவ்வளவுதான். வண்டியின் பாரம் குவிந்திருக்கிற இடம் சக்கரத்தின் அடியிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர் என்றும் ஹேண்டில் பிடி ஒரு மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், பிடியில் கொடுக்க வேண்டிய விசை தோராயமாகப் பாதிதான், அதுவும் ஆரம்பத்தில் மட்டும். வண்டி நிமிர நிமிரப் பாரம் குறைந்துகொண்டே போய், கடைசியில் ஒரு விரலால் நிறுத்தலாம். லெக் கார்டு இருந்தால் வண்டி தரையோடு தரையாகப் படுக்காமல் பாதியில் தொங்கி நிற்கும், அதனால் முதல் கஷ்டம் இன்னும் கொஞ்சம் குறையும். இதே கணக்குதான் 199 கிலோ ஹிமாலயன் 411-க்கும் 241 கிலோ சூப்பர் மீட்டியார் 650-க்கும். பின்னால் பெட்டியும் பையும் கட்டியிருந்தால் அதையெல்லாம் முதலில் கழற்றிவிடுங்கள், உயரத்தில் இருக்கிற பத்து கிலோ பை கீழே இருக்கிற பத்து கிலோவைவிட அதிகமாகப் படுத்தும்.

அப்படியானால் என்னால் ஏன் தூக்க முடியவில்லை? வண்டியைப் பார்த்தபடி நின்று, குனிந்து, ஒரு கையால் ஹேண்டிலையும் ஒரு கையால் பின் கம்பியையும் பிடித்துக் கையாலும் முதுகாலும் இழுத்தேன். உடம்பிலேயே பலம் குறைந்த இடங்களிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, பலமான தொடையைச் சும்மா நிற்க வைத்திருந்தேன். மூட்டை தூக்குகிறவர் யாரும் இப்படிச் செய்வதில்லை. மண்டியில் போய்ப் பாருங்கள், மூட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அதை முதுகில் சாய்த்துக்கொண்டு, காலை ஊன்றி எழுந்திருப்பார்கள். பெரியவர் எனக்குச் சொன்னதும் அதுதான்: "வண்டியப் பாக்காத. திரும்பி நில்லு. உக்காரு. எந்திரி."

தூக்குவது

முதலில் வண்டி வலப்பக்கம் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், இது சுலபமான பக்கம். சைடு ஸ்டாண்ட் இடப்பக்கம் இருப்பதால் அது இப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், தூக்குவதற்கு முன்னாலேயே அதை விரித்துவிடுங்கள். நிமிர்ந்த வண்டி கை தவறி அந்தப் பக்கம் போனாலும் ஸ்டாண்ட் வாங்கிக்கொள்ளும். கியர் லிவரும் மேலேதான் இருக்கும், கையால் அழுத்தி முதல் கியரில் போடுங்கள், விழவில்லை என்றால் பின் சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டிக்கொண்டே அழுத்துங்கள். கியரில் இருந்தால்தான் தூக்கும்போது வண்டி உருளாது. முன் பிரேக் பிடியும் உங்கள் கைக்குக் கிடைக்கிற பக்கத்திலேயே இருக்கிறது, வேண்டுமென்றால் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். ஒரே ஆபத்து சைலன்சர். நிறைய வண்டிகளில் அது வலப்பக்கம்தான், சூட்டில் கை வைத்தால் தழும்பு நிற்கும்.

இடப்பக்கம் விழுந்திருந்தால் ஸ்டாண்ட், கியர் லிவர் எல்லாம் வண்டிக்கு அடியில். பெரும்பாலும் கியரில் ஓடும்போதுதான் விழுந்திருக்கும் என்பதால் கியர் அப்படியே இருக்கும், பின் சக்கரத்தை உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நியூட்ரலில் இருந்தால் ஒரு துண்டையோ ரப்பர் பட்டையையோ வைத்து முன் பிரேக் லிவரை இழுத்துக் கட்டிவிடுங்கள், அல்லது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். இந்தப் பக்கத்தில் நிமிர்த்திய பிறகு அந்தப் பக்கம் போய் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

இப்போது ஹேண்டிலைத் தரைப் பக்கமாக முழுக்கத் திருப்புங்கள், அதாவது முன் சக்கரத்தின் முகம் தரையைப் பார்க்க வேண்டும். அப்படித் திருப்பினால் தரைப் பக்கத்துப் பிடி டேங்கை நோக்கி உங்கள் பக்கம் வந்துவிடும். சீட் இருக்கிற பக்கத்தில் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, குந்தி, சீட்டின் ஓரம் பிட்டத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் படுகிற மாதிரி உட்காருங்கள். ஒட்டி உட்கார வேண்டும், இடைவெளி விட்டால் பாரம் முதுகுக்குப் போய்விடும். ஒரு கையால் அந்த ஹேண்டில் பிடியைக் கீழிருந்து பிடியுங்கள், உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டு மடங்காமல். மற்றொரு கை பின்னால் உறுதியான ஓர் இடத்தைப் பிடிக்க வேண்டும்: பின் கைப்பிடி, கேரியர், சேஸிஸ் கம்பி. இண்டிகேட்டர் வேண்டாம், பிய்ந்து கையோடு வரும். சாரி கார்டும் வேண்டாம். பார்க்க நல்ல கம்பி மாதிரிதான் இருக்கும், ஆனால் அது புடவைத் தலைப்பு சக்கரத்தில் போகாமல் தடுக்க வைத்தது, நான் பிடித்து வளைத்த அந்த வளைவு இன்னமும் என் வண்டியில் இருக்கிறது.

பாதங்கள் ஓர் அடி அகலத்தில், முழுப் பாதமும் தரையில். முழங்கால் மடங்கி இருக்கட்டும், ஆனால் அடிமட்டத்துக்குக் குந்திவிட்டால் எழ முடியாது. முதுகு நேராக, தலை நிமிர்ந்து, கண் தூரத்தில் எதையாவது பார்க்கட்டும்: மரம், மைல் கல், பஸ்ஸில் சிரிக்கிற ஆள், எதுவானாலும் சரி. குனிந்து காலைப் பார்த்தால் முதுகு வளைந்துவிடும். மூச்சை இழுத்து, விட்டுக்கொண்டே, காலை ஊன்றிப் பின்னால் தள்ளுங்கள். கை இரண்டும் கொக்கி மாதிரி பிடித்துக்கொள்ள மட்டும்தான், இழுப்பதற்கு இல்லை.

முதல் அரை அடியில்தான் முழுப் பாரமும் உங்கள் மேல் உட்காரும், பல பேர் அங்கேதான் பயந்து விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் நிற்காமல் பாதி பாதி எட்டாகப் பின்னால் வையுங்கள், ஒரு சாண், இன்னொரு சாண். வண்டி உங்கள் இடுப்பின் மேல் ஏறி உட்கார்ந்து வருவது தெரியும். பாதிக்கு மேல் வந்ததும் பாரம் சட்டென்று குறையும், அங்கே தள்ளுகிற வேகத்தையும் குறைத்துவிடுங்கள். குறைக்கவில்லை என்றால் வண்டி நிமிர்ந்து, உங்களைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் விழும். ஒரே நாளில் இரண்டு பக்கமும் லிவர் உடைத்துக்கொள்வது இப்படித்தான்.

நிமிர்ந்ததும் உடனே திரும்பாதீர்கள். இடுப்பால் வண்டியைத் தாங்கியபடியே நின்று, ஹேண்டிலில் இருக்கிற கையை விடாமல் மெதுவாகத் திரும்பி, இடப்பக்கம் விழுந்த வண்டி என்றால் காலால் தேடி சைடு ஸ்டாண்டை விரித்து, அதன் மேல் சாய்த்துவிட்டு, அப்புறம் கையை எடுங்கள். எடுத்ததும் காலில் ஒரு நடுக்கம் வரும். உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

சரிவும் மணலும்

மேலே சொன்னதெல்லாம் சமதரைக்கு. மலைப்பாதையில் விழுந்தால் முதல் கேள்வி சீட் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்பதுதான். நான் விழுந்தது இடப்பக்க வளைவில் ஏறும்போது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போதே முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன், வண்டி உள்பக்கம் சாய்ந்தது, இடது காலை ஊன்றப் போனால் வளைவின் உள்பக்கம் பள்ளம், கால் காற்றில் போனது. அதனால் சீட் பள்ளத்தைப் பார்த்தும் சக்கரம் மேட்டிலும் கிடந்தது. இப்படிக் கிடக்கிற வண்டியைத் தூக்கவே கூடாது. படுத்த மட்டத்துக்கும் கீழே இருந்து தூக்குகிற கதை அது, அதோடு கை நழுவினால் உங்கள் மேலேயேதான் வரும்.

பெரியவர் செய்தது என்னவென்றால், பின்னால் இருந்த கம்பியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வண்டியைப் படுத்த வாக்கிலேயே லெக் கார்டின் மேல் சுழற்றினார்கள், செக்கு சுற்றுகிற மாதிரி, முன் சக்கரம் மேட்டைப் பார்க்கிறவரை. பெயின்ட் போகும்தான், போகட்டும். வண்டியின் நீளம் சரிவுக்கு நேராக வந்துவிட்டால் இடம் வலம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், முதல் கியரில் இருந்தால் பின்னால் உருளாது, ஸ்டாண்டும் ஒழுங்காக நிற்கும். சக்கரம் பள்ளத்திலும் சீட் மேட்டிலும் வருகிற மாதிரி இன்னும் சுற்றிவிட்டால் தூக்குவது ரொம்ப லேசு, ஆனால் அதே லேசில் வண்டி அந்தப் பக்கம் கவிழ்ந்து போய்விடும், அங்கே ஓர் ஆள் நிற்காமல் அப்படிச் செய்யாதீர்கள்.

மணலில், தனுஷ்கோடி மாதிரி இடத்தில், இரண்டு தொல்லை. உங்கள் கால் புதையும், அதோடு நீங்கள் தள்ளத் தள்ள இரண்டு சக்கரமும் அந்தப் பக்கமாக வழுக்கிக்கொண்டே போகும். சக்கரத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒருவர் காலை அணைத்து வைத்தால் போதும், ஆள் இல்லை என்றால் சக்கரத்தின் அடியில் கையால் கொஞ்சம் தோண்டிக் குழியாக்கி அது உள்ளே உட்காருகிற மாதிரி செய்துகொள்ளலாம். தூக்கிய பிறகு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டையான கல், பலகை, எதுவாவது வைக்காமல் விட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி படுத்துவிடும். வெயிலில் இளகின தாரிலும் இதே கதைதான். ஈரக் களிமண்ணில் தனியாகத் தூக்க முயற்சிக்கவே வேண்டாம், கால் வழுக்கினால் வண்டி உங்கள் மேல்.

ஆள் கிடைத்தால்

நம் ஊரில் வண்டி விழுந்தால் ஒரு நிமிடத்தில் நாலு பேர் வந்துவிடுவார்கள், அது பெரிய பாக்கியம். ஆனால் நாலு பேரும் கேட்காமலே நாலு இடத்தைப் பிடிப்பார்கள், ஒருவர் கண்ணாடியை, ஒருவர் இண்டிகேட்டரை, ஒருவர் சூடான சைலன்சரை. ஒரே மூச்சில் தூக்கினால் அத்தனை பேர் பலத்துக்கும் வண்டி பறந்து அந்தப் பக்கம் விழுவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் வண்டிக்காரர் நீங்கள் வாயைத் திறந்து சொல்லுங்கள். "அண்ணே, நீங்க ஹேண்டில் பக்கம் வாங்க. தம்பி, நீ பின்னாடி கம்பியப் புடி. அண்ணே, நீங்க தூக்க வேண்டாம், அந்தப் பக்கம் நின்னு வந்தா தாங்கிக்குங்க." மூன்று பேர் போதும். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணித் தூக்குங்கள். முதுகு வலி, குடலிறக்கம், சமீபத்தில் ஆபரேஷன், கர்ப்பம், இதில் எது இருந்தாலும் நீங்கள் எண்ணுகிற வேலையை மட்டும் பாருங்கள்.

ஏறுவதற்கு முன்னால்

ஆக்சிலரேட்டரைத் திருகி விடுங்கள், டக்கென்று தானாகத் திரும்ப வேண்டும். விழுந்த வேகத்தில் பிடி உள்ளே நெருங்கி மாட்டிக்கொண்டால் ஸ்டார்ட் செய்ததும் வண்டி அலறும். முன் பிரேக்கை நாலு தடவை பிடித்துப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும், பின் பிரேக் பெடலும் அப்படியே. கியர் லிவர் இன்ஜின் பக்கம் மடங்கியிருந்தால் ஒரு குழாயையோ பெரிய ஸ்பேனரையோ மாட்டி மெதுவாக வெளியே இழுக்கலாம், அது இரும்பு, வரும். கிளட்ச் லிவரும் பிரேக் லிவரும் அலுமினிய வார்ப்பு, வளைந்திருந்தால் வளைந்தபடியே ஓட்டி வீடு வந்து சேருங்கள், நிமிர்த்தினால் கையில் துண்டாக வரும். கையில் ஒரு ஸ்பேர் கிளட்ச் லிவர் இருப்பது நல்லது. அதைவிட நல்ல யோசனை, லிவரைப் பிடித்திருக்கிற கிளாம்ப்பின் போல்ட்டை முறுக்கித் தள்ளாமல், பலமாக அடித்தால் ஹேண்டிலில் சுழல்கிற அளவுக்கு விட்டு வைப்பது, அப்போது விழுந்தால் லிவர் உடைவதற்குப் பதிலாகத் திரும்பிக்கொள்ளும்.

ஹேண்டில் ஒரு பக்கமாகவும் சக்கரம் ஒரு பக்கமாகவும் பார்க்கிறதா? சின்னக் கோணல் என்றால் முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து ஹேண்டிலைத் திருகினால் ஓரளவு சரியாகும், அப்புறம் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கீழே ஏதாவது ஒழுகியிருக்கிறதா என்று பாருங்கள், டயரில் பெட்ரோலோ ஆயிலோ பட்டிருந்தால் துடைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் அடுத்த வளைவிலேயே மறுபடி இந்தக் கட்டுரை தேவைப்படும்.

உடனே ஸ்டார்ட் செய்யாமல் ஐந்து நிமிடம் விடுங்கள், ஆயில் இறங்கட்டும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சாய்ந்தால் இன்ஜினை நிறுத்துகிற சென்சார் ஒன்று பெரும்பாலும் இருக்கும், சாவியை ஒரு தடவை முழுக்க அணைத்துப் போட்டால்தான் அது விடும். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் வழிந்து நிறைந்திருக்கும், சோக் போடாமல் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு உதைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் புகை வந்தால் பயப்பட வேண்டாம், சிலிண்டருக்குள் போன ஆயில் எரிகிறது, அடங்கிவிடும். வண்டி தலைகுப்புறவோ ரொம்ப நேரமோ கிடந்திருந்தால் மட்டும் ஸ்டார்ட்டரை அழுத்தாமல் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிற ஆளிடம் கொடுங்கள். அன்றைக்கு என் வண்டி எவ்வளவு அழுத்தியும் அசையவே இல்லை, தெரிந்த மெக்கானிக்குக்கு போன் போட்டு "இன்ஜின் போயிருச்சுண்ணே" என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "கில் சுவிட்ச் ஆன்ல இருக்கா?" இல்லை. நானே தட்டி அணைத்துவிட்டு மறந்திருந்தேன்.

பழகிப் பார்க்காமல் இதெல்லாம் வராது. ஜப்பானில் பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளிகளில் தொடக்கத்திலேயே சாய்த்துப் போட்ட வண்டியைத் தூக்கச் சொல்வார்கள், நம் ஊரில் எட்டுப் போட்டுக் காட்டினால் லைசென்ஸ் வந்துவிடுகிறது. அதனால் நாமேதான் பழக வேண்டும். மண்தரையாகப் பார்த்து, பழைய லாரி டயரையோ கோணிப்பை அடுக்கையோ போட்டு, இன்ஜின் நன்றாக ஆறின பிறகு, டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கிற நாளில், ஒரு நண்பரைக் கூட வைத்துக்கொண்டு, இரண்டு பேருமாக வண்டியை மெதுவாக வலப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். அப்புறம் தனியாகத் தூக்குங்கள். வலப்பக்கம் பழகின பிறகு இடப்பக்கம். நான் பழகும்போது எதிர்வீட்டுப் பாட்டி வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, நல்லா நின்னுட்டு இருந்த வண்டிய நீயே எதுக்குத் தள்ளிவிட்டுத் தூக்கிட்டு இருக்க?" என்று கேட்டார். விளக்கினேன். நம்பின மாதிரித் தெரியவில்லை.

முதல் நாள் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். மறுநாள் காலை தொடை வலித்தால் சரியாகத் தூக்கியிருக்கிறீர்கள், முதுகு வலித்தால் சீட்டை ஒட்டி உட்காரவில்லை என்று அர்த்தம்.